அஜ்ரத்தின் முன்பல்

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைப்பதுதான் என் வேலையாக இருந்தது. ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் தரப்பிரிவில், பணி ஓய்வு பெறும் வரை அதைத்தான் செய்தேன். போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எண்ணெய் துடைத்த துணியை எந்தத் தொட்டியில் போட வேண்டும், தவறு நடந்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு நடைமுறை உண்டு. ஓய்வு பெற்றதும் எங்கள் பள்ளிவாசல் கமிட்டியில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஓய்வு பெற்றவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது ஊர் நம்பிக்கை. அது உண்மையும்கூட.

எங்கள் பள்ளிவாசல் தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலையில் இருக்கிறது. வீட்டில் உருது பேசுகிறவர்கள், தமிழ் பேசுகிறவர்கள், ஷிப்டு முடிந்து சீருடையோடு வரும் மலையாளிகள், பீகாரிகள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்போம். தொழுதுவிட்டு வெளியே வந்து டீக்கடைக்காரரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்போம். நோன்பு மாதத்தில் மட்டும் அந்த டீக்கடை பகலில் எங்களை மரியாதையாக மறந்துவிடும்.

நோன்பைப் பற்றி எழுதுகிறவர்கள் வயிற்றைப் பற்றி எழுதுவார்கள், மனதைப் பற்றி எழுதுவார்கள். வாயைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் நோன்பு நடப்பதே வாயில்தான். விடியலுக்கு முன்பு சஹர் சாப்பாட்டோடு அதை மூடுகிறோம், பொழுது சாயும்போது பேரீச்சம்பழத்தோடு திறக்கிறோம். இடையில் அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. உதாரணத்துக்கு என் வீட்டையே சொல்கிறேன். சஹரில் கடைசிக் கவளம் இனிப்பாக இருக்க வேண்டும் என்பது என் மனைவியின் பிறந்த வீட்டு வழக்கம். சுடுசோற்றில் நெய் விட்டு, வாழைப்பழத்தைப் பிசைந்து, சீனி தூவி ஆளுக்கு ஓர் உருண்டை. அதை விழுங்குவதற்கும் விடியல் தொழுகைக்குப் பள்ளியில் பாங்கு சொல்வதற்கும் சரியாக இருக்கும். பிறகு அவசரமாக ஒரு கொப்பளிப்பு. அந்தச் சீனியும் பழமும் பல்லிடுக்கில் உட்கார்ந்து பகல் முழுக்க நம்மோடு நோன்பு இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் பசி கிடையாது.

உமிழ்நீர்தான் வாயைக் கழுவும் வேலைக்காரன். நோன்பில் தண்ணீர் குடிக்காததால் அவனும் பாதி விடுப்பில் போய்விடுகிறான் என்று என் பல் டாக்டர் ஒருமுறை சொன்னார். அதிலிருந்து நான் இனிப்பு உருண்டையைச் சோற்றுக்கு நடுவிலேயே சாப்பிட்டுவிட்டு, பாங்குக்கு முன்பே பல் தேய்த்து முடித்துவிடுவேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"வாய் கொப்பளிக்கறதுக்கும் ஒரு ப்ரொசீஜரா? கடைசில இனிப்பு சாப்பிட்டாத்தான் சஹர் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

"எனக்கு முடிஞ்ச மாதிரி இருக்கும். பல்லுக்கு அப்பத்தான் ஆரம்பிக்குது."

"உங்க பல்லு, உங்க பாடு" என்று எனக்கான உருண்டையையும் அவளே சாப்பிட்டாள்.

பகலில் பல் துலக்கும் விஷயத்தில் எங்கள் ஊர் இரண்டு கட்சி. பற்பசையைப் பகலில் எல்லோருமே தவிர்ப்பார்கள். அதன் ருசி நாக்கில் ஏறும், தொண்டையில் இறங்கும். மிஸ்வாக் குச்சிதான் பிரச்சினை. நபிவழி என்று அதை எல்லோரும் மதிக்கிறோம். ஆனால் ஹனஃபி சட்டத்தைப் பின்பற்றும் எங்களுக்கு நோன்பில் எந்த நேரத்திலும் குச்சியால் துலக்கலாம். ஷாஃபி சட்டத்தைப் பின்பற்றுகிறவர்களுக்கு உச்சிப்பொழுது சாய்ந்த பிறகு துலக்குவது விரும்பத் தகாதது. நோன்பாளியின் வாய்க்கு இறைவனிடம் கஸ்தூரியை விட மேலான மணம் உண்டு என்ற செய்தியைச் சொல்லி, அந்த மணத்தைத் தேய்த்துப் போக்குவானேன் என்பது அவர்கள் பேச்சு. இரண்டு பக்கமும் பெரிய அறிஞர்கள் இருக்கிறார்கள். நான் நடுநிலை வகிக்கிறேன். ஒரே ஒரு வருத்தம் மட்டும் உண்டு: மணம் இறைவனிடம் போய்ச் சேருவதற்கு முன்பு வரிசையில் பக்கத்தில் நிற்கிறவனைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் பள்ளியில் ஷாஃபிகள் குறைவு. மலையாளிகள் சிலர், பிறகு தெற்கே கடற்கரை ஊரிலிருந்து வந்து கிரானைட் பாலிஷ் ஆலையில் மேஸ்திரியாக இருக்கும் ஒருவர். சிறு வயதில் கண்டிப்பான ஓர் ஆசிரியரிடம் வேதம் ஓதியவர். யாராவது ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்தால் அவர் புருவம் தானாக ஏறும். தன் ஊர் வழக்கப்படி எல்லோரையும் அண்ணன் என்ற பொருளில் 'காக்கா' என்று அவர் கூப்பிடுவதால் நாங்களும் அவரைக் காக்கா என்றே கூப்பிட்டோம்.

சென்ற நோன்பின் தொடக்கத்தில் அந்தக் காக்கா பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன், கைகால் கழுவி ஒளு செய்யும் குழாயடியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியளா காக்கா? நம்ம அஜ்ரத் உச்சிக்கு அப்புறம் குச்சியத் தொடுறதே இல்ல. நம்ம பக்கம் வந்துட்டாஹ. வெளிய சொல்லத்தான் கூச்சப்படுறாஹ."

அஜ்ரத் என்றால் எங்கள் இமாம். நாற்பதைக் கடந்தவர், சிங்காரப்பேட்டைப் பக்கத்துக்காரர், வேதம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருப்பவர். எங்களைப் போல ஹனஃபி. அவருடைய ஜிப்பாப் பையில் பேனா இருக்கும் இடத்தில் மிஸ்வாக் குச்சி இருக்கும். அது இப்போது இல்லை என்பதை நானும் கவனித்திருந்தேன்.

"உச்சிக்கு முன்னாடியும் தொடுறதில்லையே காக்கா" என்றேன்.

"அது கூடுதல் பேணுதல்" என்றார் பெருமையோடு.

ஆலையில் ஆய்வுக்குப் போகும்போது நான் கற்றது ஒன்று. ஒருவன் என்ன செய்கிறான் என்பதைவிட, வழக்கமாகச் செய்கிற எதை விட்டுவிட்டான் என்று பார்க்க வேண்டும். மாலையில் நோன்பு திறக்கும்போது அஜ்ரத்தின் எதிரே உட்கார்ந்தேன். பேரீச்சம்பழத்தை விரலால் பிய்த்துக் கடைவாயில் செருகினார். கஞ்சியைக் குடித்தார். அவருக்குப் பிடித்த பருப்பு வடையை என் தட்டுக்கு நகர்த்தினார். பேசும்போதெல்லாம் தாடியைத் தடவுகிறவர் போல் கை வாய்க்கு முன் வந்து நின்றது.

அதற்குள் பள்ளியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அஜ்ரத் துலக்குவதில்லை என்ற செய்தி பரவி, அவரைப் பின்பற்றிப் பலர் குச்சியை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள். சிலர் ஒரு படி மேலே போய், சஹரிலும் பல் தேய்க்காமல் வந்தார்கள். ஒரு பள்ளிவாசலில் ஒரு புதிய சட்டம் இப்படித்தான் பிறக்கிறது. யாரும் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தர ஆய்வில் இதை 'எழுதப்படாத நடைமுறை' என்போம். ஆலையில் பாதி விபத்துக்குக் காரணம் அதுதான்.

மறுநாள் அஸர் முடிந்து எல்லோரும் கலைந்ததும் அஜ்ரத்தின் அறைக்குப் போனேன்.

"எந்தப் பல்லு அஜ்ரத்?"

அவர் திடுக்கிட்டார். "யார் சொன்னா?"

"வடை சொல்லுச்சு."

சிரித்துவிட்டார். சிரிப்பிலும் கை முன்னால் வந்தது. பிறகு, இனி மறைத்துப் பயனில்லை என்பதுபோல் கையை இறக்கினார். மேல்வரிசை முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லைவிட நீளமாக இறங்கியிருந்தது. ஈறு கருஞ்சிவப்பில் வீங்கி இருந்தது. நாக்கால் லேசாகத் தள்ளிக் காட்டினார். தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரி முன்னால் போய்த் திரும்பியது.

எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொன்னேன். நோன்போடு பல் பிடுங்கலாம், ரத்தமோ மருந்தோ உள்ளே போகாமல் இருந்தால் போதும். ஈறில் போடும் ஊசி நோன்பை முறிக்காது. அதுவும் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் நோன்பு திறந்த பிறகு போகலாம். தாங்க முடியாத நோய் என்றால் நோன்பை விட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"செகரட்டரி பாய்," என்றார் அவர் பொறுமையாக, "இந்தச் சட்டத்தையெல்லாம் உங்களுக்குச் சொன்னதே நான்தான்."

"அப்புறம் என்ன தடை?"

அவர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு ஒரு பாடம்போல் அல்லாமல், தன் வீட்டு ஓட்டையைக் காட்டுகிறவர்போல் சொன்னார். அரபியில் மூன்று எழுத்துகள் உண்டு. நாக்கின் நுனி மேல் முன்பல்லின் விளிம்பைத் தொட்டால்தான் அவை பிறக்கும். பல் போனால் காற்று போய்விடும், எழுத்து வேறாகிவிடும். எழுத்து வேறானால் சொல் வேறாகலாம். ஒவ்வொரு தொழுகையிலும் கட்டாயம் ஓத வேண்டிய தொடக்க அத்தியாயத்தில் அந்த மூன்றில் ஓர் எழுத்து வருகிறது. ஒரே ஓர் இடத்தில், கடைசி வசனத்தில்.

"அந்த ஒரு இடத்துல நான் சறுக்கினா எனக்குப் பின்னாடி நிக்கிற அத்தனை பேரு தொழுகைக்கும் யார் பாய் பொறுப்பு? முத்தவல்லி வேற ஆளப் பாப்பாரு. தப்பில்ல. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

முத்தவல்லி எங்கள் பள்ளி நிர்வாகத் தலைவர், மரக்கடை வைத்திருப்பவர். மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தால் முழுத் துண்டையும் திருப்பி அனுப்புகிறவர். அஜ்ரத் குடியிருப்பது பள்ளிவாசலுக்குச் சொந்தமான வீடு. பிள்ளைகள் படிப்பது அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில். அந்தப் பல்லில் அவர் எழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"பல் தேய்க்கறதையே விட்டுட்டீங்களா?"

"தொட்டா ரத்தம் வருது. விழுந்துடுமோன்னு பயம். நோன்புக்கு முன்னாடியே விட்டுட்டேன். அப்புறம் நோன்பு வந்துச்சு. தேய்க்கலன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. நோன்பாளி வாய்க்கு மணம் உண்டுன்னு நானே எல்லார் முன்னாடியும் பயான் பண்ணியிருக்கேனே."

"அந்த மணம் வயிறு காலியா இருக்கறதால வர்றது அஜ்ரத். ஈறு அழுகறதால வர்றது இல்ல."

கடுமையாகச் சொல்லிவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவர் தொடாமல் விட்ட பல், தொடாமல் விட்டதாலேயே விழப் பார்க்கிறது. இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆலையில் எத்தனை மேலாளர்கள் பழுதான இயந்திரத்தைத் திறந்து பார்க்கப் பயந்து அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தி மஃரிப் தொழுகைக்கும் இரவு இஷா பாங்குக்கும் நடுவில் உள்ள நேரத்தில் என் ஸ்கூட்டரில் அவரை ஏற்றிக்கொண்டு என் பல் டாக்டரிடம் போனேன். பஜாரில் மொபைல் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கிளினிக். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்மணி. என் வாயில் இரண்டு பற்களுக்குத் தொப்பி போட்டவர் என்பதால் என்னை அதட்டும் உரிமை அவருக்கு உண்டு.

"லேட்டா வந்திருக்கீங்க சார். எங்களுக்கும் தவக்காலம்தான். நான் காபிய விட்டிருக்கேன், சாயங்காலமானா தலைவலி. கோபமாப் பேசினா மன்னிச்சுக்கங்க" என்று எச்சரித்துவிட்டு அஜ்ரத்தின் வாய்க்குள் விளக்கை இறக்கினார். பிறகு சொன்னபடியே கோபமாகப் பேசினார்.

"நோன்பு உங்களுக்கு. பல்லுக்கு எதுக்கு நோன்பு? இது நோன்பு வச்சதால ஆடல, தேய்க்காம விட்டதால ஆடுது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பக்கத்துல இருக்கறதும் கூடச் சேர்ந்து போயிருக்கும்."

"பிடுங்கணுமா?" என்றார் அஜ்ரத்.

"பிடுங்க வேண்டிய பல்லுதான்."

நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, நானே எழுத்து விவகாரத்தை விளக்கினேன். டாக்டர் கோபத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். முன்பல்லின் விளிம்பில் ஓர் எழுத்து குடியிருக்கிறது என்று தனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை என்றார். பிறகு யோசித்து, நோன்பு முடிந்து பெருநாள் வரும் வரைக்கும் அந்தப் பல்லை இரண்டு பக்கத்துப் பற்களோடும் மெல்லிய கம்பியும் பல் நிறத்துப் பசையும் வைத்துக் கட்டிவிடலாம், பிறகு எடுத்துவிட்டு அதே அளவில் கட்டுப்பல் வைக்கலாம் என்றார். அந்தக் கம்பியை வழக்கமாகப் பல்லுக்குப் பின்புறம் போடுவார்களாம், வெளியே தெரியாது.

ஈறைச் சுத்தம் செய்து முடித்ததும், பின்புறம் பசை வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு துளி மெழுகை அங்கே ஒட்டினார். "இப்ப உங்க எழுத்தச் சொல்லிப் பாருங்க."

அஜ்ரத் சொன்னார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. ஈரத்துணியை உதறியதுபோல் ஒரு சத்தம். அவர் முகம் விழுந்துவிட்டது.

"முன்பக்கம் போட முடியுமாம்மா?"

"போடலாம். ஆனா முன்னாடி போட்டா எல்லாருக்கும் கண்ணுல தெரியும்."

"தெரியட்டும். பின்னாடி போட்டா காதுல தெரியுமே."

டாக்டர் என்னைப் பார்த்தார். இவ்வளவு தெளிவான நோயாளியை அவர் கண்டதில்லை போலும். முன்பக்கமே போட்டார். பழைய சுவரில் பூசிய புதுச் சிமென்ட்போல் மூன்று பற்களின் குறுக்கே ஒரு பட்டை தெரிந்தது. மாத்திரையைக் காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதும்போது, "உங்க சாப்பாட்டு நேரத்துக்கே சரியா வருது பாருங்க" என்றார். நோன்பு திறந்த பிறகும் சஹர் முடித்த பிறகும் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். இரவில் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். நோன்பு இல்லாத நேரத்தில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். பகலில் குச்சியால் மற்ற பற்களைத் தாராளமாகத் துலக்கலாம், கட்டின பல்லை மட்டும் தொடக் கூடாது என்று கடைசியாகச் சொன்னார். ஹனஃபியா ஷாஃபியா என்று எந்த மத்ஹபையும் விசாரிக்காமல் அவர் சொன்ன தீர்ப்பு அது.

அன்று இரவு அஜ்ரத் மேலுதட்டை இறக்கி வைத்துக்கொண்டே சமாளித்தார். பட்டையை யாரும் பார்க்கவில்லை. அவர் அதையே பெருநாள் வரை செய்துவிடலாம் என்று நினைத்திருப்பார். எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. குறை நிவர்த்தி ஆகிவிட்டது, அறிக்கை எதற்கு?

மறுநாள் அஸருக்கு முன் குழாயடியில் வெயிலும் கூட்டமும் சேர்ந்திருந்தன. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஓர் இளைஞன், ஓசூரிலேயே பிறந்து வளர்ந்த ஹனஃபி, பையிலிருந்து குச்சியை எடுத்துத் துலக்க ஆரம்பித்தான். காக்கா பார்த்துவிட்டார்.

"என்ன ஓய், உச்சி சாஞ்சாச்சே?"

"எங்க மத்ஹபுல ஆகும் காக்கா."

"உம்ம அஜ்ரத்தே விட்டுட்டாஹ. அவஹள விடப் பெரிய ஹனஃபியா நீரு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது. குச்சியைக் கழுவிப் பைக்குள் போட்டான். அடுத்த குழாயில் ஒரு பெரியவரும் கையில் எடுத்ததை மெல்ல உள்ளே வைத்தார்.

கடைசிக் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்த அஜ்ரத் எழுந்து நின்றார்.

"உள்ள வைக்காதீங்க. எடுங்க" என்றார் அந்த இளைஞனிடம். பிறகு காக்காவின் பக்கம் திரும்பி, கையால் மறைக்காமல், உதட்டை உயர்த்திக் காட்டினார். வெயிலில் அந்தப் பட்டை பளிச்சென்று தெரிந்தது.

"நான் மத்ஹப் மாறல காக்கா. என் பல்லு ஆடுது. தேய்க்கப் பயந்து விட்டேன். அதைப் பார்த்து இத்தன பேரு விட்டிருக்கீங்க. இதுல சட்டம் ஒண்ணும் இல்ல. சோம்பல் கொஞ்சம், பயம் மிச்சம்."

குழாய்களில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மூடவில்லை. நானாக இருந்தால் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து, பொதுவாக, பெயர் சொல்லாமல், வாய்ச் சுகாதாரம் பற்றி ஒரு பயான் செய்து முடித்திருப்பேன். அப்படித்தான் ஆலையில் பிழைகளை முடித்து வைப்போம். ஈரக் காலோடு குழாயடியில் நின்று உதட்டைத் தூக்கிக் காட்டும் நடைமுறையை நான் எழுதியதில்லை.

முத்தவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "எத்தன நாளா அஜ்ரத்?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்ததைக் கேட்டார். "ஓதுறதுல எழுத்து வருதா?"

"வருதுன்னு நினைக்கறேன். என் காதை நானே நம்ப முடியாது."

"தப்பா எடுத்துக்காதீங்க. இத்தன ஜனம் உங்க பின்னாடி நிக்குது." முத்தவல்லி சுற்றிப் பார்த்தார். பார்வை காக்காவிடம் நின்றது. "நீங்க சின்ன வயசுல முறையா ஓதினவரு. இன்னைக்கு இஷாவுல கேளுங்க. சரியில்லன்னா சொல்லிடுங்க, இஷா முடிஞ்சு தொழற தராவீஹுக்கே வேற ஏற்பாடு பண்ணுவோம்."

 சற்றுமுன் தன் கட்சிக்கு வந்த ஒரே பெரிய மனிதரை எல்லோர் முன்னாலும் இழந்தவரிடம் முத்தவல்லி தீர்ப்பைக் கொடுத்துவிட்டார். ஆய்வு செய்கிறவருக்கு விஷயத்தில் சொந்த வருத்தம் இருக்கக் கூடாது என்பது என் தொழிலின் முதல் பாடம். காக்காவைத் தனியாக ஓரங்கட்டி அதையே சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் வருத்தம் வேற, எழுத்து வேற காக்கா" என்றார். அவ்வளவுதான். வருத்தம் இல்லை என்று அவர் சொல்லவில்லை.

அன்று மாலை நோன்பு திறந்தபோது யாரும் அஜ்ரத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் சமோசாவையே உற்றுப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மஃரிப் முடிந்ததும் அவர் புது பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அதே குழாயடிக்குப் போய் உட்கார்ந்து, டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு பல்லாக, அவசரமில்லாமல் தேய்த்தார். கட்டிய இடம் வந்ததும் பிரஷ்ஷை நிறுத்தி, விரல் நுனியால் ஈறைத் தடவிவிட்டு, அடுத்த பல்லுக்குப் போனார். நான் தூணில் சாய்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சற்று நேரத்தில் வேலையை இழக்கக்கூடிய ஒருவர் இவ்வளவு நிதானமாகப் பல் தேய்ப்பதை நான் முன்பு பார்த்ததில்லை. பயந்தபோது தொடவே துணியாத பல்லை, பயத்துக்கு உண்மையான காரணம் வந்த பிறகு அவரால் தொட முடிந்தது. இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். மறைத்து வைப்பதுதான் அவரை அதிகம் வருத்தியிருக்கிறது போலும், பல்லைவிட.

இஷாவுக்கு வரிசை நிறைந்திருந்தது. விஷயம் எல்லா ஷிப்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காக்கா முதல் வரிசையில், அஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்றார். நான் அவர் பக்கத்தில். அவருக்கு அந்தப் பக்கம் முத்தவல்லி.

எத்தனையோ வருடங்களாக அந்தத் தொடக்க அத்தியாயத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். மனம் பாதி நாள் மின்கட்டணத்தில் இருக்கும், பாதி நாள் முழங்காலில். அன்று ஒரு சொல்கூட என்னைத் தாண்டிப் போகவில்லை. பின்னால் நிற்கிறவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஓர் இருமல்கூட இல்லை. அந்தப் பள்ளிவாசலில் அத்தனை பேரும் சேர்ந்து ஓர் எழுத்துக்காகக் காத்திருந்தது அதற்கு முன் நடந்ததில்லை.

அஜ்ரத் வேகத்தை மாற்றவில்லை. கடைசி வசனம் வந்தது. அந்தச் சொல் வந்தது. நாக்கு பல்லின் விளிம்பைத் தொட்டு மெல்ல விலகும் ஒலி, பட்டுத்துணியை நகத்தால் வருடியதுபோல், தனியாகக் கேட்டது. கேட்டதாக எனக்குத் தோன்றியது. எனக்குத் தெரிந்த அரபுக்கு என் தீர்ப்பு செல்லாது.

வசனம் முடிந்ததும் ஆமீன் சொல்ல வேண்டும். ஹனஃபிகளான நாங்கள் அதை மனதுக்குள் சொல்வோம். ஷாஃபிகள் வாய்விட்டுச் சொல்வார்கள். எங்கள் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து காக்கா உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்வார், நாலு பேர் நடுவில் தான் மட்டும் சத்தம் போட வேண்டாமே என்று. அன்று அவர் நெஞ்சு நிறைய மூச்சை இழுப்பது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"ஆமீன்!"

மேல்மாடிப் பெண்கள் பகுதி வரை போயிருக்கும். பின்வரிசையில் மலையாளிகள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அஜ்ரத் அடுத்த வசனத்தைத் தொடங்க ஒரு மூச்சளவு தாமதித்தார். 

தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்ததும் முத்தவல்லி காக்காவின் தோளைத் தொட்டார்.

"என்ன சொல்றீங்க காக்கா? எழுத்து சரியா?"

காக்காவின் புருவம் ஏறியது.

"ஊருக்கே கேக்குற மாதிரிச் சொன்னேனே, பக்கத்துல நிக்கிற உங்களுக்குக் கேக்கலியா? அவஹ இம்புட்டுச் சுத்தமா அந்த எழுத்தச் சொல்லி நான் கேட்டதே இல்ல. எல்லா அஜ்ரத்துக்கும் ஒரு பல்ல ஆட்டிவிட்டாத் தேவல."

முத்தவல்லி தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தராவீஹுக்கு வரிசையை நேராக்கச் சொல்லிப் பின்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அஜ்ரத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, அதை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி விழுங்கிவிட்டு, விரிப்பில் போய் நின்றார்.